பேய் இல்லாச் சான்றிதழ்

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து பேய்க் கதைப் படப்புத்தகம் போடுகிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் எங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டிய மனுஷன், ஐம்பத்தைந்து வயதுப் பொம்பளை. "உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. எனக்குச் சோலி இருந்தது. கோத்தகிரி கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரிண்டிங், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. சோலி இல்லாமல் இருந்தது அவர்தான்.

குன்னூர் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திர உறுப்புகளை அளவு போட்டு வரைந்த கை. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அடுப்படிக்கு வந்து, நான் வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "துண்டெல்லாம் ஒரே நீளத்துல இல்லியே அம்மிணி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையும் சேர்த்து நறுக்கியிருப்பேன். "போயி எதையாச்சும் வரைஞ்சு தொலைங்க" என்று கடையிலிருந்து ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டுவந்து முன்னால் போட்டேன். அப்படித்தான் 'குடையும் டார்ச்சும்' ஆரம்பித்தது.

கதையும் பேச்சும் என்னுடையவை, படம் அவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு ஆசாமிகள், பேய் இருக்கிறதா இல்லையா என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறார்கள். ஒருவர் கையில் எப்போதும் குடை, இன்னொருவர் கையில் பேட்டரி போடாத டார்ச். பேரே அதுதான். அவர்கள் போகிற இடத்தில் பேய் நிஜமாகவே இருக்கும், முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும். பஸ் கண்டக்டர் முதல் கோழிக்குஞ்சு வரைக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலைப் பேய் ஒன்று இவர்கள் தோளைத் தட்டித் தட்டிக் கை வலித்து ஓரமாக உட்கார்ந்துவிடும். எஸ்டேட் பங்களாவின் துரைசாணிப் பேய் இவர்கள் பின்னாலேயே ஆதார் சென்டர் வரைக்கும் போய் வரிசையில் நிற்கும்; கைரேகை விழாது.

ஒவ்வொரு புத்தகமும் ஒரே மாதிரிதான் முடியும். குடையும் டார்ச்சும் எல்லா இடத்திலும் தேடிக் களைத்து, 'பேய் இல்லாச் சான்றிதழ்' என்று ஒரு காகிதம் எழுதி, வட்ட முத்திரை குத்தி, அந்த வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். முத்திரைக்கு மை தொட்டுக் கொடுப்பது பேயாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் அவர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். பேய் மட்டும் கதவு முன்னால் நின்று சான்றிதழைப் படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் ஜனங்கள் சிரிப்பார்கள். பேக்கரியிலும் டீக்கடையிலும் புத்தகத்தை வைத்தோம், வாட்ஸப்பில் வாரம் ஒரு பக்கம் போட்டோம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் எங்கள் பக்கத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

ஏழாவது புத்தகத்தில்தான் கெட்டது.

என் வீட்டுக்காரருக்குப் பார்க்காததை வரைய வராது. கற்பனையாக ஒரு ஜன்னல் போடச் சொன்னால், "எத்தனை அடி அகலம்?" என்பார். துரைசாணி பங்களாவுக்காக ஒரு எஸ்டேட் கேட்டில் மூன்று நாள் நின்று, வாட்ச்மேனிடம் வசவு வாங்கியவர். ஏழாவது கதைக்கு ஒரு சாதாரண வீடு வேண்டும், சமையல்கட்டு, புழக்கடை எல்லாம் உள்ளே புகுந்து காட்ட வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார்.

"அக்கா ஊட்ட வேணா போட்டுக்கட்டுமா? அதுதான் நாலு பக்கமும் எனக்குத் தெரிஞ்ச ஊடு."

அவருடைய அக்காவை எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்று கூப்பிடுவேன். ஊரிலிருந்து இருபது நிமிஷ பஸ் தூரத்தில், தேயிலைச் சரிவுக்கு மேலே அவர் வீடு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நங்கையா, பக்கத்தில் வாடகைக்கு ஒரு நர்ஸ், அவள் கணவன், நாலு வயதுப் பெண் குழந்தை. ரோட்டிலிருந்து முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். முன்னால் பேரிக்காய் மரம், காய்க்கிற காலத்தில் கரடி வரும். ஐந்தரைக்கெல்லாம் அந்த வரிசையில் எல்லாக் கதவும் சாத்தியாகிவிடும். அப்புறம் யாரும் யாரையும் எட்டிப் பார்க்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனி படிந்த படியில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார் நங்கையா. டியூட்டி முடிந்து வந்த நர்ஸ்தான் பார்த்துத் தூக்கினாள். அதற்கப்புறம் மகன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "பக்கத்து போர்ஷன்ல ஆள் இருக்கற வரைக்கும் நீ அங்க இரும்மா. ஆள் இல்லைன்னா திருப்பூர் வந்தரோணும்." நங்கையாவுக்குத் திருப்பூர் என்றால் வேப்பங்காய். "அங்க போனா வெயிலே என்னைக் கொன்னு போடும்" என்பார். ஆக, அந்தப் பக்கத்துப் போர்ஷனில் ஒரு விளக்கு எரிந்தால்தான் அவர் தன் வீட்டில் இருக்க முடியும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டைக் கதைக்கு வைக்கச் சம்மதித்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் வருகிற பேய்க்கு நங்கையாவின் வாயைக் கொடுத்தது நான்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயில் நான் பட்ட பாடு கொஞ்சமா? ரசத்தில் குறை, கோலத்தில் குறை, நான் தும்மினால் தும்மலில் குறை. எல்லாவற்றையும் பேய் பேசிற்று. குடையும் டார்ச்சும் வீட்டுக்குள் நுழைந்த உடனே பின்னாலிருந்து, "செருப்ப வெளிய வுடு! உங்கொப்பன் ஊடா இது?" என்று கத்தும். எழுதும்போது எனக்கு அப்படி ஒரு சுகம். கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவர் வழக்கம்போல அளவு பிசகாமல் வரைந்தார். முப்பத்திரண்டு படி, பேரிமரம், ஒரு கண்ணாடி மட்டும் மஞ்சளாக இருக்கிற ஜன்னல், மூடி உடைந்த பச்சைத் தண்ணீர் டேங்க். கீழே பஸ் ஸ்டாப்பைக்கூட விடவில்லை. புத்தகம் வந்த இரண்டாம் நாளே அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார்கள்.

நங்கையாவிடம் நாங்களே ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"டேங்க் மூடி ஒடைஞ்சதக்கூடப் போட்டிருக்கறான் பாரு. மாத்திக் குடுக்கத் துப்பில்லை, வரையத் தெரியுது." அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்தப் பேயி ஆரு? நானா?"

"ஐயோ, இல்லீங்க நங்கையா. சும்மா கற்பனைங்க."

"பொய் சொல்லாத புள்ள. நானேதான்." சிரித்துவிட்டார். நான் திட்டு விழும் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், கரண்ட் பில்லோடு சேர்த்து வைத்தார்.

பக்கத்து போர்ஷன் குழந்தை அந்தப் புத்தகத்தைப் பார்த்தது. முதலில் விளையாட்டாக, "அந்தப் பேயி பகல்ல எங்க தூங்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாம். பிறகு புழக்கடை பாத்ரூமுக்குப் போக மாட்டேன் என்றது. பனி இறங்கினாலே அழுகை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த நர்ஸ் என் கடைக்கே வந்து நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நாங்க இதெல்லாம் நம்பறதில்லைங்க. பாப்பா தூங்கவே மாட்டேங்குது. அதான் வேற ஊடு பாத்துட்டோம்."

பொம்மைப் பேய்க்குப் பயந்து ஒரு குடும்பம் வீடு காலி செய்தது. அதற்கப்புறம் வந்தவர்களும் அதே பாட்டுத்தான். எஸ்டேட் ஃபீல்ட் ஆபீசர் வந்தார், பேங்க் கிளார்க் வந்தார், தாசில்தார் ஆபீஸ்காரர் வந்தார். எல்லோரும் படித்தவர்கள். எல்லோரும் வீடு நல்லாயிருக்குது என்றார்கள், தண்ணி வருமா என்று கேட்டார்கள். போகும்போது, "நாங்க நம்பறதில்லைங்க, இருந்தாலும் எங்களுது கொழந்தைங்க இருக்கற ஊடு பாருங்க" என்றார்கள். இந்த 'இருந்தாலும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் குடி வந்து தொலை.

பயப்படாமல் வந்தவர்கள் பைக்கில் வந்த பையன்கள் மட்டும்தான். பேய் வீட்டு முன்னால் செல்ஃபி எடுக்க வந்தார்கள். நங்கையா விளக்குமாற்றோடு, "செருப்போட ஏறாதீங்கடா! உங்கொப்பன் ஊடாடா இது?" என்று துரத்தினார். அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். கேட்க வேண்டுமா? புத்தகத்தில் இருந்த பேச்சு அப்படியே இருந்தது. அட கெரகமே, ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், ஆள் வராவிட்டால் வந்து கூட்டிப்போவேன் என்று மகன் போனில் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரர் சோறு சரியாகத் தின்னவில்லை. ஒருநாள் காலையில் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"அம்மிணி, நாமதான கெடுத்தோம்? நாமளே சரி பண்ணீரலாம். அந்த ஊட்டுல பேய் இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்தர்லாம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் ஆபீஸ் மனுஷன், காகிதத்தில் எழுதி முத்திரை விழுந்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறவர். நான் ஜெராக்ஸ் கடைக்காரி, எனக்கும் காகிதம்தான் உலகம். தடித்த பேப்பரில் அழகாக அச்சடித்தோம். 'இந்த வீட்டில் பேய் எதுவும் இல்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' கீழே வட்ட முத்திரை, குடையும் டார்ச்சும் போட்ட கையெழுத்து. மழையில் நனையாமலிருக்க லேமினேட் செய்தேன். நாங்களே போய் கேட்டில் ஒட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, நேராக இருக்கிறது என்று திருப்திப்பட்டுத் திரும்பினோம். வருகிற வழியில் டீ வேறு குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட டீச்சரும் அவள் கணவரும் வீடு பார்க்க வந்தார்கள். அவர்கள் எங்கள் புத்தகத்தைப் படித்ததே இல்லை. அதனால்தான் அவ்வளவு நம்பிக்கையோடு வரச் சொல்லியிருந்தோம். நாங்கள் மேலே வாசலில் நங்கையாவோடு காத்திருந்தோம். கீழே கேட்டில் அவர்கள் நின்று படிப்பது தெரிந்தது. டீச்சர் படித்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் படித்தார். அந்தப் பக்கமாகத் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பொம்பளையிடம் என்னவோ கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவள் புத்தகம் படித்தவள் போலிருக்கிறது. சான்றிதழ் எந்த வீட்டில் ஒட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு படிகூட ஏறாமல் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிப் போனார்கள்.

நங்கையா திரும்பினார். உள்ளே போய், அவர்களுக்கென்று போட்டு வைத்திருந்த டீயை எங்கள் இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நாமளே அங்க குடி போயிட்டா என்ன?" என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது இவர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் நங்கையா தனியாக பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். கடை வைத்த இத்தனை வருஷத்தில் வந்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மிஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் போர்ஷன் ஜன்னலைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் போட்டா வெளிச்சம் நல்லா வரும். தம்பிக்கு வரையறதுக்குத் தோதா இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் முன்ன மாதிரி எச்சாப் பேசறதில்லை புள்ள" என்றார்.

அவர் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டறியாத பொம்பளை, என்னிடம் வந்து கேட்டார். நான் மிஷினில் பேப்பரைச் சொருகிக்கொண்டே, "கடையிலிருந்து ரொம்பத் தூரமுங்களே நங்கையா" என்றேன்.

"ஆமா, தூரந்தான்" என்று எழுந்து போய்விட்டார். இருபது நிமிஷ பஸ். அவரே அதில்தான் வந்திருந்தார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வீட்டுக்கு ஆள் வராததற்குப் பேயைக் காரணம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. முப்பது வருஷக் கோபம் ஒன்று என்னிடம் இருந்தது, அதை விட மனசு வரவில்லை.

பொங்கல் கழிந்து மகன் காரோடு வந்தான். நங்கையா ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். என்னிடம், "ஞாயித்துக்கெழம வந்து கூட்டி வுடு. மூலையெல்லாம் கூட்டோணும், சும்மா நடுவுல மட்டும் கூட்டாத" என்றார். மகனிடம், "ஆள் வந்துட்டா நான் கெளம்பி வந்தருவேன். இப்பவே சொல்லீட்டேன்" என்றார். அவன் "சரிம்மா" என்றான். புத்தகத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கு எனக்குப் போன் வரும். நான் அந்த வீட்டில் கூட்டிக்கொண்டிருப்பேன். மூன்று கேள்விதான். மழையா? மூலையெல்லாம் கூட்டினியா? ஆராச்சும் வந்தாங்களா? "இன்னும் இல்லீங்க நங்கையா" என்பேன். "வருவாங்க, வருவாங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்வார்.

ஆள் வரத்தான் செய்தார்கள். சித்திரையில் கோயமுத்தூரிலிருந்து ஒருவன் எங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைத் தேடி வந்தான். சீசனுக்கு வருகிறவர்களைப் பேய் வீட்டில் தங்க வைத்தால் கூட்டம் அள்ளும் என்றான். அவனுக்கு ஒரு போர்ஷன் போதாது, வீடே வேண்டும். வீட்டுப் பத்திரம் மகன் பேரில் இருந்தது, பத்து வருஷ லீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். எங்களிடம் மட்டும், "அத்தை, அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. கொஞ்சம் பழகட்டும்" என்றான். எதிர்த்துப் பேச எங்களுக்கு என்ன வாய் இருந்தது?

கேட்டில் சான்றிதழ் இருந்த இடத்தில் இப்போது போர்டு இருக்கிறது. புத்தகத்திலிருந்து பேய்ப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். வாசல் மிதியடியில், 'செருப்ப வெளிய வுடு' என்று அச்சடித்திருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் ஷூவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஷூவோடு உள்ளே போகிறார்கள். எட்டாவது புத்தகம் எப்போது வரும் என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். இவர் பென்சிலைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டுவதற்கு வீடு இல்லாததால் நான் கடையில் இருந்தேன். பதினோரு மணிக்குப் போன். மழையா என்றார், ஆமாங்க என்றேன். கூட்டினியா என்றார், கூட்டினேன் என்று பொய் சொன்னேன். ஆராச்சும் வந்தாங்களா என்றார். என்ன ஆயிற்றோ, எத்தனை பொய்தான் சொல்வது என்று இருந்ததோ, வாயில் உண்மை வந்துவிட்டது.

"வந்திருக்காங்க நங்கையா."

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது.

"வந்துட்டாங்களா? குடும்பமா? கொழந்தைங்க இருக்குதா?"

"நெறையப் பேருங்க."

"அப்பாடா. நான் சொல்லலை? டேங்க் மூடிய மாத்திக் குடுக்கச் சொல்லு தம்பிய. நான் துணிய எடுத்து வெக்கறேன். சாயங்கால பஸ்ஸுக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து வந்தர்றேன், அவன ஸ்டாண்டுல வந்து நிக்கச் சொல்லு, படியேத்தி வுடோணும்." என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

இவரிடம் சொன்னேன். மகனுக்குப் போன் போட்டோம், அவன் எடுக்கவில்லை. மகன் விடமாட்டான், அக்கா வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். மூன்று மணிக்கே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மூன்று பஸ்ஸையும் பார்த்துவிட்டு நனைந்து திரும்பி வந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று நின்றார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. மழையா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இங்கே வெயில் என்றார். மூலையெல்லாம் கூட்டினாயா என்று கேட்கவில்லை. ஆராச்சும் வந்தாங்களா என்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.